நாய்க்கும் குடும்பக் கட்டுப்பாடு! செய்யலாமா, கூடாதா?

பொழுது விடிந்தது. வீட்டுக் கொல்லையில், விறகு அடுக்கின் பின்னால், “கீச், கீச்” என்று சத்தம். பிள்ளைகள் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். செவலை நாய் குட்டி போட்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... மொத்தம் ஆறு!

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அப்பாவுக்குத் திண்டாட்டம்.

இரண்டு மாதம் ஓடியது. இரண்டு கடுவன் குட்டிகளைத் தெரிந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். மிச்சம் நான்கும் பெட்டை. அவற்றைக் கேட்க ஆள் இல்லை. ஒரு நாள் இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, அப்பா அந்த நான்கையும் ஒரு சாக்கில் போட்டார். சைக்கிளில் வைத்துக்கொண்டு போய்ச் சந்தைத் திடலில் விட்டுவிட்டு வந்தார்.

காலையில் பிள்ளைகள் கேட்டார்கள்: “குட்டி எங்கே, அப்பா?”

அப்பா பதில் பேசவில்லை.

சில மாதம் கழித்துச் செவலை மறுபடியும் சினை!

“கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஒரே ஆபரேஷன். தொல்லை தீர்ந்தது” என்றார் அண்டை வீட்டுக்காரர்.

“இந்தத் தடவை குட்டி போட்டு முடித்ததும் செய்துவிடலாம், அத்தை” என்றாள் மருமகள்.

மாமியாருக்கு மனம் ஒப்பவில்லை. “வாயில்லாச் சீவன், அம்மா அது! அதன் வயிற்றைக் கிழிப்பதா? அந்தப் பாவம் நம்மைச் சும்மா விடுமா?” என்றாள்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. நாய் வளர்க்கும் வீடுகளில் எல்லாம் எழும் பேச்சு இது. மருமகள் சொல்வது சரியா? மாமியார் சொல்வது சரியா? இரண்டு பக்கத்தையும் தராசில் வைத்துப் பார்ப்போம்.

காயடிப்பது புதிதா?

முதலில், ஆபரேஷன் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டை நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் சிறிதாகக் கீறி, சினைப்பைகளையும் கருப்பையையும் எடுத்துவிடுகிறார்கள். கடுவனுக்கு இரண்டு விதைகளையும் எடுத்துவிடுகிறார்கள். கடுவனுக்குச் செய்வது சுலபம். பெட்டைக்குச் செய்வது பெரிய ஆபரேஷன்.

நம் நாட்டு உழவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. உழவு மாட்டுக்கும் வண்டி மாட்டுக்கும் காயடிப்பது காலங்காலமாக உள்ள வழக்கம். கிடாய்க்கும் காயடிப்பார்கள். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. மாடு வலி தாங்காமல் கதறும். இன்று நாய்க்குச் செய்யும் ஆபரேஷனில் மயக்க மருந்து உண்டு. வலி தீர ஊசியும் உண்டு.

குட்டிக் கணக்கு

பெட்டை நாய் பொதுவாக 6 மாதம் முதல் 12 மாதத்துக்குள் முதல் பருவத்துக்கு வருகிறது. பெரிய சாதி நாய்களுக்கு இன்னும் தாமதம் ஆகலாம். பிறகு ஆண்டுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ பருவம் வரும். ஒவ்வொரு பருவமும் ஏறத்தாழ 3 வாரம் நீடிக்கும். சினைக் காலம் ஏறத்தாழ 63 நாள்.

ஒரு பெட்டை ஆண்டுக்கு ஒரு தடவை குட்டி போடுகிறது, தடவைக்கு 5 குட்டி என்று வைத்துக்கொள்வோம். 7 ஆண்டில் 35 குட்டி! இந்த 35 குட்டிக்கும் வீடு தேட வேண்டும். முடியுமா?

“கதவைச் சாத்தி வைத்தால் போகிறது” என்பார்கள். சொல்வது எளிது. பருவத்துக்கு வந்த பெட்டையின் வாடை வெகு தூரத்தில் உள்ள கடுவனுக்கும் எட்டும். மழைக்காலம் முடிந்து பனி கொட்டும் நாட்களில், ஒரு பெட்டையின் பின்னால் ஏழெட்டுக் கடுவன்கள் கூட்டமாகத் திரிவதைப் பார்க்காதவர் உண்டா? அவை சுவர் ஏறிக் குதிக்கும். வேலிக்கு அடியில் மண்ணைப் பறித்து நுழையும். ஒரே பருவத்தில் பல கடுவன்களோடு சேர்வதும் உண்டு. அதனால்தான் ஒரே ஈற்றில் ஒரு குட்டி கறுப்பாகவும் ஒரு குட்டி வேறு சாடையாகவும் இருப்பதைப் பார்க்கிறோம். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருக்க முடியும்!

நன்மை என்ன?

குட்டித் தொல்லை தீர்வது ஒரு நன்மை. அதைவிடப் பெரிய நன்மை நாயின் உயிருக்கே உண்டு.

வயதான பெட்டை நாய்களுக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஒரு நோய் வருகிறது. பருவம் முடிந்து சில வாரத்தில் நாய் சோர்ந்துவிடும். தின்னாது. தண்ணீரை மட்டும் ஓயாமல் குடிக்கும். பின்புறம் சீழ் வடியும். சில நாய்களுக்குச் சீழ் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடும். அது இன்னும் ஆபத்து. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பெரும்பாலும் சாவுதான்.

இந்த நோய் எத்தனை நாய்களுக்கு வருகிறது? ஸ்வீடன் நாட்டில் பெரும்பாலான நாய்களுக்கு ஆபரேஷன் செய்வதில்லை. ஆனால் நாய்களுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார்கள். 10 வயதுக்குள், ஏறத்தாழ நான்கு பெட்டைகளில் ஒன்றுக்கு இந்த நோய் வந்திருந்தது! கருப்பையை முன்பே எடுத்துவிட்டால் இந்தப் பயம் இல்லை.

இரண்டாவது, மடியில் வரும் கட்டி. வயதான பெட்டைகளுக்கு இது அதிகம். இந்தக் கட்டிகளில் ஏறத்தாழப் பாதி புற்றுநோய். 1969-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஆபரேஷன் செய்யாத நாய்க்கு உள்ள ஆபத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பருவத்துக்கு முன்பே ஆபரேஷன் செய்த நாய்க்கு ஆபத்து 1-க்கும் குறைவு. ஒரு பருவம் கடந்து செய்தால் 8. அதற்குப் பிறகு செய்தால் 26. 2012-ல் வேறு ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கணக்குகளை அலசினார்கள். சான்று போதிய அளவு வலுவாக இல்லை என்றார்கள். ஆனாலும் சீக்கிரம் செய்தால் கட்டி குறையும் என்பதே பல டாக்டர்களின் கருத்து.

மூன்றாவது, நாய்க்கு நாய் தொற்றும் ஒரு கட்டி. கடுவனும் பெட்டையும் சேரும்போது இது தொற்றும். மறைவிடத்தில் பூக்கோசு போலப் புண் கட்டி வளரும். ரத்தம் சொட்டும். நம் தெரு நாய்களிடம் இது மிகுதி. சேர்க்கை நின்றால், தொற்றும் வழியும் பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

கடுவனுக்கும் நன்மை உண்டு. விதையில் கட்டி வராது. வயதான காலத்தில் சிறுநீர்ப் பாதையை ஒட்டிய சுரப்பி வீங்கித் துன்பம் தருவது நிற்கும். பெட்டை வாடை பிடித்து ஊர் சுற்றுவது குறையும். சண்டை போட்டுக் காது கிழிந்து வருவதும், லாரியில் அடிபடுவதும் குறையும்.

தீமை என்ன?

தராசின் மறு தட்டையும் பார்க்க வேண்டும்.

மயக்க மருந்து கொடுக்கும் எந்த ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு. உடல் நலமுள்ள இளம் நாய்க்கு ஆபத்து சொற்பம். நோயாளி நாய்க்கும் கிழட்டு நாய்க்கும் கூடுதல். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான வேட்டை நாய்களுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது தனிக் கவனம் வேண்டும். கத்தியும் கையும் சுத்தமாக இல்லாவிட்டால் புண் சீழ் பிடிக்கும். தையல் பிரியும்.

ஆபரேஷனுக்குப் பிறகு நாய்க்குப் பசி கூடும். உடலுக்குத் தேவையான தீனியோ குறையும். பழையபடி தட்டு நிறையச் சோறு வைத்தால் நாய் பீப்பாய் போல் பெருக்கும். கொழுப்பு கூடினால் மூட்டுக்கும் இருதயத்துக்கும் கேடு.

சில பெட்டைகளுக்கு, தூங்கும்போது தானாகச் சிறுநீர் கசியும். பெரிய சாதி நாய்களுக்கு இது அதிகம். இதற்கு மருந்து உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் கொடுக்க வேண்டி வரலாம்.

இன்னொரு முக்கியமான கேடு மூட்டு நோய். விதையும் சினைப்பையும் குட்டிக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. அவற்றிலிருந்து ஊறும் நீர்கள் எலும்பு வளர்ச்சியையும் ஒழுங்கு செய்கின்றன. எலும்பு முற்றும் முன்பே அவற்றை எடுத்துவிட்டால், கால் எலும்பு அளவுக்கு மேல் நீளும். மூட்டு சரியாகப் பொருந்தாது.

இதை அமெரிக்காவில் உள்ள டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளி ஆராய்ந்தது. 759 கோல்டன் ரிட்ரீவர் நாய்களின் மருத்துவக் கணக்கைப் பார்த்து 2013-ல் முடிவை வெளியிட்டது. ஒரு வயதுக்கு முன் ஆபரேஷன் ஆன கடுவன்களில் நூற்றுக்கு 10-க்கு இடுப்பு மூட்டு நோய். ஆபரேஷன் ஆகாத கடுவன்களில் அதில் பாதிதான்! சிலவகைப் புற்றுநோய்களும் ஆபரேஷன் ஆன நாய்களுக்குக் கூடுதலாக இருந்தன. பிறகு 2020-ல், 35 சாதி நாய்களை ஆராய்ந்தார்கள். சிறிய சாதி நாய்களுக்கு மூட்டு நோய் கூடவில்லை. பெரிய சாதி நாய்களில் பலவற்றுக்குக் கூடியது.

ஆகவே “எல்லா நாய்க்கும் ஆறாம் மாதமே செய்துவிடு” என்பதும் தவறு. “எந்த நாய்க்கும் செய்யாதே” என்பதும் தவறு.

நம்பலாமா?

ஆபரேஷன் பற்றி ஊரில் உலவும் பேச்சுகள் பல.

“ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பெட்டைக்கு நல்லது” என்பார்கள். இதற்கு ஆதாரம் கிடையாது. குட்டி போடுவதால் நாயின் ஆரோக்கியம் கூடுவதில்லை.

“ஆபரேஷன் செய்தால் காவல் காக்காது” என்பார்கள். இதுவும் சரி அல்ல. வீட்டைக் காப்பது நாயின் சாதிக் குணம். பழக்கம். அந்நியர் வந்தால் ஆபரேஷன் ஆன நாயும் குரைக்கும்.

“ஆபரேஷன் செய்தால் கடிக்காது” என்பார்கள். இது பெரிய ஏமாற்றம். பெட்டைக்காகப் போடும் சண்டைதான் குறையும். பயத்தால் கடிக்கும் நாய் பயத்தால் கடிக்கத்தான் செய்யும். சில பயந்த நாய்களுக்குப் பயம் கூடுவதும் உண்டு. அப்படிப்பட்ட நாய்க்குக் கத்தி மருந்து அல்ல. பழக்கம்தான் மருந்து.

“ஆபரேஷன் ஆன நாய்க்கு வெறி பிடிக்காது” என்பார்கள். இதை நம்பினால் உயிருக்கே ஆபத்து! ஆபரேஷன் வேறு, வெறிநோய்த் தடுப்பு ஊசி வேறு. ஊசி போடாத நாய்க்கு, ஆபரேஷன் ஆகியிருந்தாலும் வெறி பிடிக்கும்.

தெருவில் திரியும் நாய்

சந்தைத் திடலில் விட்ட அந்த நான்கு பெட்டைக் குட்டிகள் என்ன ஆயின? தெருவில் விடப்படும் குட்டிகளில் பல செத்துப் போகின்றன. பிழைப்பவை தெரு நாய்கள் ஆகின்றன. ஓர் ஆண்டுக்குள் அவையும் குட்டி போடும். ஆகவே வீட்டு நாயின் கணக்கு வீட்டோடு முடிவதில்லை. தெருவுக்கு வந்துவிடுகிறது.

தெரு நாயை என்ன செய்வது? சென்னை நகரம் இந்தக் கேள்வியோடு பல்லாண்டு போராடியது. ஒரு காலத்தில், பிடித்துக் கொல்வதுதான் வழக்கமாக இருந்தது. மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் புளூ கிராஸ் சங்கத்தைத் தொடங்கினார். நாய்களைக் கொல்ல வேண்டாம், கருத்தடை செய்து ஊசி போட்டு விடலாம் என்று அந்தச் சங்கம் 1960-களிலேயே சொன்னது. செய்தும் காட்டியது. 1990-களின் நடுவில் சென்னையில் நாள் ஒன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன என்பது புளூ கிராஸ் சங்கத்தாரின் கணக்கு. அப்படியும் நாய் குறையவில்லை! ஒரு தெருவில் நாயைக் கொன்றால், அங்கே கிடக்கும் எச்சில் இலையைத் தேடி அடுத்த தெரு நாய் வந்துவிடும். 1996-ல் சென்னை மாநகராட்சியும் கருத்தடை வழிக்கு வந்தது.

2001-ல் மத்திய அரசு இதையே விதியாக்கியது. நாயைப் பிடித்து, ஆபரேஷன் செய்து, ஊசி போட்டு, காதில் அடையாளம் வெட்டி, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது விதி. 2023-ல் புதிய விதிகள் வந்தன.

பலன் கிடைத்ததா? ராஜஸ்தானில் ஜெய்ப்பூரைப் பாருங்கள். அங்கே ஒரு தொண்டு நிறுவனம் 1994 முதல் 2002 வரை 19 ஆயிரத்துக்கு மேற்பட்ட தெரு நாய்களுக்கு ஆபரேஷன் செய்து ஊசி போட்டது. அந்தப் பகுதியில் பெட்டைகளில் நூற்றுக்கு 65-க்கு ஆபரேஷன் ஆயிற்று. நாய்த் தொகை நூற்றுக்கு 28 குறைந்தது. அந்தப் பகுதியில் வெறிநாய்க் கடிச் சாவு இல்லாமல் போயிற்று!

சென்னையைப் பாருங்கள். 2018-ல் எடுத்த கணக்கில் தெரு நாய்கள் ஏறத்தாழ 57 ஆயிரம். 2024-ல் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம். அவற்றில் ஆபரேஷன் ஆனவை நான்கில் ஒன்றுக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான்! பாதி வேலை செய்தால் பாதி பலன் கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. ஆபரேஷன் ஆகாத பெட்டைகள் போடும் குட்டிகள் அந்தப் பலனையும் தின்றுவிடும்.

தெரு நாய்களை எதிர்ப்பவர்களின் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. உலகில் வெறிநாய்க் கடியால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகள்தான் அதிகம் கடிபடுகிறார்கள். 2025 ஆகஸ்டு 11-ந் தேதி, டெல்லித் தெரு நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஆகஸ்டு 22-ந் தேதி அந்த உத்தரவைத் திருத்தியது. ஆபரேஷன் செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்தில் விடலாம், வெறி பிடித்த நாயையும் மூர்க்க நாயையும் விடக்கூடாது என்றது. நவம்பர் 7-ந் தேதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கே மறுபடி விடக்கூடாது என்றும் கூறியது.

எந்த நாய்க்கு, எப்போது?

நாட்டு நாய், தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் பெட்டை, வெளியே திரியும் நாய்: இவற்றுக்குக் கட்டாயம் செய்யலாம். நன்மைத் தட்டு நன்றாகத் தாழ்கிறது.

சிறிய சாதி நாய்க்கு ஆறு மாதத்துக்கு மேல் செய்யலாம்.

பெரிய சாதி நாய்க்கு, வளர்ச்சி முடியும் வரை, அதாவது ஒரு வயதுக்கு மேல் வரை, பொறுப்பது நல்லது. ஆனால் அதுவரை வீட்டில் கட்டிக் காக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் தாமதிப்பதில் பொருள் இல்லை.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நம் நாட்டு உயர்சாதி நாய்களின் வம்சம் அழியக் கூடாது. ராஜபாளையம் நாய்க்கு இந்தியத் தபால் இலாகா 2005-ல் தபால் தலையே வெளியிட்டது! நோய் இல்லாத நல்ல நாயை வம்சத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ராஜபாளையம் நாய்களில் சில பிறவிச் செவிடு. அந்தக் குறை உள்ள நாயைக் குட்டிக்கு விடக் கூடாது. “நாய் விற்ற காசு குரைக்காது” என்று பழமொழி உண்டு. காசுக்காகக் குறையுள்ள குட்டிகளைப் பெருக்கலாமா?

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

பருவத்தில் இருக்கும்போது ஆபரேஷனைத் தவிர்ப்பது நல்லது. அப்போது ரத்த ஓட்டம் அதிகம். பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வது வழக்கம்.

நாய்க்கு எத்தனை வயது, கடைசியாக எப்போது பருவம் வந்தது, என்னென்ன நோய் வந்தது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆபரேஷன் அன்று காலை சோறு, பால் எதுவும் கொடுக்கக் கூடாது. “பாவம், பசிக்கும்” என்று பிள்ளைகள் பிஸ்கட் கொடுத்துவிடுவார்கள். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக் குழலில் போனால் உயிருக்கு ஆபத்து!

ஆபரேஷன் முடிந்ததும் 10 முதல் 14 நாள் வரை குளிப்பாட்டக் கூடாது. ஓட விடக் கூடாது. நக்கினால் தையல் பிரியும். கழுத்தில் கூம்பு போன்ற அட்டையைக் கட்டி வைக்க வேண்டும். புண் வீங்கினாலோ, நீர் வடிந்தாலோ, நாய் தின்னாவிட்டாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கடுவனுக்கு ஆபரேஷன் ஆனாலும் சில வாரம் வரை சினைப்படுத்தும் சக்தி மிச்சம் இருக்கும். அதுவரை பெட்டையோடு விடக் கூடாது.

வெறிநோய்த் தடுப்பு ஊசியை டாக்டர் சொல்லும் தேதிகளில் தவறாமல் போட வேண்டும். எந்த நாய் கடித்தாலும், கடிவாயை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைத்து அடைக்கக் கூடாது.

பாவம் எது?

மாமியார் கேட்ட கேள்விக்கு வருவோம். “அந்தப் பாவம் நம்மைச் சும்மா விடுமா?”

அவள் இரக்கத்தால் கேட்டாள். அந்த இரக்கம் நல்லது. நாய்க்கு ஒரு நாள் வலி உண்டு. பத்து நாள் கட்டுப்பாடு உண்டு. அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்த இரக்கத்தில் நான்கு குட்டிகளுக்கும் பங்கு வேண்டாமா? பால்குடி மறந்து சில நாளே ஆன குட்டிகள். இருட்டில், தாயும் இல்லாமல், சந்தைத் திடலில் கத்தியவை. அவற்றுக்கு நேர்ந்த துன்பம் ஆபரேஷன் வலியைவிடச் சிறியதா?

பிறக்கும் குட்டிகளுக்கு எல்லாம் சோறும் வீடும் கொடுக்க முடிந்தவர், நாயைக் கட்டிக் காக்க முடிந்தவர், பொறுத்துப் பார்க்கலாம். முடியாதவர் டாக்டரிடம் போவதுதான் தர்மம்.

செவலை இந்தத் தடவையும் குட்டி போடும். அந்தக் குட்டிகளுக்கு இப்போதே வீடு தேட வேண்டும். குட்டிகள் பால் மறந்ததும், டாக்டரிடம் நாள் குறித்துக்கொண்டு செவலையை அழைத்துப் போக வேண்டும். பிள்ளைகளையும் கூட அழைத்துப் போகலாம். “குட்டி எங்கே, அப்பா?” என்று இனி அவர்கள் கேட்க வேண்டியிராது.